அமுக்கினா உலோகம் நசுங்கத்தானே செய்யும், விரிசல் எப்படி விழுது?

யூடிஎம் மெஷின்ல (உலோகத்தை இழுத்தும் அமுக்கியும் சோதிக்கிற மெஷின்) ஒரு துண்டை வச்சு அமுக்கிட்டு, ரெக்கார்டு நோட்ல என்ன எழுதறதுன்னு முழிச்சிட்டு இருக்கீங்கன்னு நெனைக்கிறேன். டிப்ளமோ படிக்கறப்ப நானும் முழிச்சவன்தான், வெளங்குனது போல்ட் கம்பெனியில சேர்ந்தப்புறம்.

அங்க வயரைத் துண்டாக்கி, சூடு பண்ணாம அப்படியே பஞ்ச்சால அடிச்சு தலை வைப்போம். ஒரு நைட் ஷிப்ட் முழுக்க தலைல விரிசல். காலைல வந்த குவாலிட்டிக்காரர் ஒண்ணைக்கூட கையில எடுத்துப் பாக்கல, "செட்டிங் தப்பு"ன்னு ரிஜிஸ்டர்ல என் பேரை எழுதிட்டாரு.

ரோஷம் வந்துருச்சு. அதே வயர் காயில்ல, அதாவது சுருள்ல, இருந்து 10 மி.மீ வயரை 15 மி.மீ நீளத்துக்கு வெட்டி, 5 மி.மீ உயரம் வர்ற வரைக்கும் நசுக்குனேன். இப்ப கணக்கு போடுங்க, இரும்பு எங்கயும் ஓடிப்போகாது, உயரம் மூணுல ஒண்ணானா விட்டம் 17 மி.மீ தாண்டும், 31 மி.மீ இருந்த சுற்றளவு 54 ஆகணும். அமுக்கறது மேலருந்துதான், ஆனா பக்கத்துத் தோல் சுத்திவர இழுபடுது, விரியறது அந்த இழுவையில. தட்டை தட்டறப்ப மாவு காஞ்சிருந்தா ஓரம் வெடிக்குமே, அதேதான். மேலயும் கீழயும் உரசல் பிடிச்சுக்கறதால நடுவுல தொந்தி போடும், இழுவை அங்க இன்னும் ஜாஸ்தி. கிரீஸ் தடவி அமுக்கிப் பாருங்க, தொந்தி குறையும்.

விரிசல் 45 டிகிரி வாக்குல சாய்வா இருந்தா அந்த மெட்டீரியல் தாங்கறதுக்கு மேல நசுங்கிருச்சு, அப்ப செட்டிங்கையோ அனீலிங்கையோ (வயரைச் சூடாக்கி மெதுவா ஆறவிட்டு இளக்கறது) சந்தேகப்படலாம். எனக்கு வந்தது வயர் போக்குலயே நேர்கோடு, எல்லாத் துண்டுலயும். அது உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கற ரோலிங்லயே விழுந்த சீம், அதாவது நீளவாக்குல ஓடற மெல்லிசான பிளவு, சும்மா பாத்தா தெரியாது, நசுக்குனா வாயைப் பொளக்கும். காயில் சப்ளையருக்குத் திரும்பிப் போச்சு, ரிஜிஸ்டர்ல என் பேரை மட்டும் யாரும் அடிக்கல. அந்த வருஷம் இன்கிரிமென்ட்டும் இல்ல, பக்கத்து சீட் பிஇ பையனுக்கு லேப்டாப் குடுத்தாங்க, அவனுக்கு வெர்னியர் பிடிக்கத் தெரியாது. சரி அத விடுங்க.

எம்டெக் ஆளுங்க வந்து ஸ்ட்ரெஸ் டென்சர் எங்கன்னு கேக்காதீங்க, நான் சொல்றது கையால நசுக்குன கதை. எல்லா அலாய்க்கும் இது பொருந்தும்னும் சொல்லல. கிரே காஸ்ட் அயர்ன் (ஒரு வகை வார்ப்பிரும்பு) பெருசா தொந்தியே போடாது. உள்ள கிராஃபைட் ஏடு ஏடா இருக்கறதால இழுத்தா சீக்கிரம் போயிரும், அமுக்குனா அதுக்கு மூணு நாலு மடங்கு தாங்கிட்டு டமார்னு சாய்வா ஒடையும். அந்தத் துண்டை வைக்கறப்ப மட்டும் கண்ணாடி போட்டுக்கோங்க, தெறிக்கும்.