விளக்கம் சொல்வது தப்பா?

கேள்வி: யார் என்ன குறை சொன்னாலும் என் பக்க நியாயத்தை உடனே எடுத்துச் சொல்லிவிடுவேன். 'உங்களிடம் வாயே திறக்க முடியாது' என்கிறார் மனைவி. அலுவலகத்தில் எனக்குக் கீழே இருப்பவர்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். விளக்கம் சொல்வது தப்பா? – வாசகர், திருச்சி

பதில்: வாய் திறக்க முடியவில்லை என்று மனைவி சொன்ன பிறகும், உங்கள் கேள்வி 'என் பக்க நியாயம்' என்றுதான் தொடங்குகிறது. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது ஒரு வரிகூட இல்லை.

'கரன்ட் பில் கட்டலையா?' என்றால், 'மறந்துட்டேன், இப்பவே கட்டுறேன்' என்பது பதில். 'போன மாசம் நீ காஸ் புக் பண்ண மறக்கலையா?' என்பது எதிர்வழக்கு. 'காலையிலிருந்து எவ்வளவு வேலை பார்க்கிறேன், அது உன் கண்ணில் படாதே' என்பதும் அதே ரகம்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகள் சச்சரவிடும்போது அவர்கள் பேச்சையும் இதயத் துடிப்பையும் சேர்த்துப் பதிவுசெய்து ஆராய்ந்தவர். மணவாழ்வைக் குலைப்பவை என அவர் நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறைகூறுவது, இளக்காரம், தற்காப்பு (குறை சொன்னதுமே தன் பக்க நியாயத்தைப் பேசுவது), பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இளக்காரம்தான் மிகக் கொடியது என்பது அவர் கணிப்பு. ஆனால் நல்லவர்களும் தயங்காமல் செய்வது தற்காப்பு. அதைச் செய்யும்போது நாம் தப்பு செய்வதாகவே நமக்குத் தோன்றாது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் ஏறாது, 20 நிமிடமாவது விலகியிருந்துவிட்டு வந்து பேசுங்கள் என்கிறார். 'வந்து பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டே எழுந்து போங்கள். சொல்லாமல் போனால் அது நான்காவது குற்றம்.

அலுவலகத்தில் விளைவு இன்னும் மோசமாக இருக்கலாம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று மேலெழ ஓடத் தொடங்கியபோது, முன்னால் இருக்கும் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானி அறையில் இருந்த அதன் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார் கேப்டன். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. உங்களிடமும் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர் இரண்டாம் முறை வந்து சொல்லமாட்டார்.

செய்யாத தவறுக்கு மெமோ வந்தால் கெடுவுக்குள் ஆதாரத்தோடு எழுதி மறுங்கள். அது உங்கள் உரிமை. உங்கள் மனைவி மெமோ கொடுக்கவில்லை. இத்தனை நாள் அவரால் உங்களிடம் சொல்ல முடியாமல் போனது என்னவென்று இன்று கேளுங்கள். அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவர் சொல்வதில் எது உண்மையோ, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.