மாமியார் சைவம், நாங்கள் கோழி: டோக்கியோவில் ஷாபு-ஷாபு சாப்பிட முடியுமா?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். ஷாபு-ஷாபு சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. நாங்கள் கோழி மட்டும்தான். மாடு, பன்றி கிடையாது. மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். இணையத்தில் 'சைவம் உண்டு' என்று போட்டிருக்கும் கடையில் முன்பதிவு செய்யலாமா? (வாசகி, கோவை)

பதில்: சாப்பிட முடியும். ஆனால் அந்த 'சைவம் உண்டு' என்ற வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மேசை நடுவில் கொதிக்கும் சாற்றில் மெல்லிய இறைச்சித் துண்டை நாலைந்து தடவை அலசி எடுத்து, சாஸில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் ஷாபு-ஷாபு. சாறு பெரும்பாலும் கொம்பு போட்டது. பயப்படாதீர்கள், கொம்பு என்றால் அங்கே கடற்பாசி. அது சைவம்தான். வம்பு தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் இருக்கிறது. புளிப்பான பொன்ஸு, எள் சாஸ் இரண்டிலும் பெரும்பாலும் கட்சுவோபுஷி சேர்ந்திருக்கும். சூரை மீனை வேகவைத்துப் புகையில் உலர்த்தியது அது; நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். கடைக்காரர் பொய் சொல்வதில்லை. அவர் கணக்கில் துண்டாகக் கண்ணில் பட்டால்தான் மீன், சாறில் கரைந்தால் அது ருசி.

கடையில் அலர்ஜி அட்டவணை கேட்டால் தருவார்கள். அதையும் நம்பி ஏமாறாதீர்கள். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின்கூட அதில் இருக்கலாம். ஆனால் சூரை மீன் ஜப்பானின் அலர்ஜிப் பட்டியலிலேயே இல்லை. போதாததற்கு, அலர்ஜி விவரம் எழுத வேண்டும் என்ற சட்டம் பாக்கெட் உணவுக்கு மட்டும்தான், உணவகச் சமையலுக்கு இல்லை. இத்தனை வெளிநாட்டார் வந்து போகும் நாட்டில் இதை இன்னும் சரிசெய்யாமல் இருப்பது எனக்கு ஆறவே இல்லை.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "சைவமா?" என்று கேட்காதீர்கள். "நிகு மோ கட்சுவோபுஷி மோ தமே தெசு" என்று சொல்லுங்கள்: இறைச்சியும் கூடாது, கட்சுவோபுஷியும் கூடாது. ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. மாமியாருக்குச் சாதாரண சோயா சாஸ், துருவிய முள்ளங்கி, வெங்காயத்தாள் போதும். முன்பதிவை நீங்கள் தங்கும் ஹோட்டலின் வரவேற்பறையில் சொல்லி, கடைக்கே நேரடியாக போன் போடச் சொல்லுங்கள். கமிஷன் வாங்கும் முன்பதிவு இணையதளத்தில் நீங்கள் எழுதும் குறிப்பு சமையலறை வரை போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்புறம், தெருவில் கார்டை நீட்டுபவர்கள். ஷின்ஜுகு வட்டாரத்தின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் "ஆள் பிடிப்பவர்கள் பின்னால் போகாதீர்கள்" என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே ஒருவர் பிளாஸ்டிக் உறை போட்ட படத்தோடு நிற்பார்: தட்டு நிறைய இறைச்சி, 2,980 யென், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். உள்ளே போனால் இருக்கைக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று, கேட்காமலே வைத்த சின்னக் கிண்ணத்துக்கு ஒன்று என்று பில் ஏறும். ஆள் பிடிப்பதற்குத் தடை இருக்கிறது, அறிவிப்பும் இருக்கிறது, அவரும் அங்கேயே இருக்கிறார். நல்ல கடைக்கு ஆள் பிடிக்க ஆள் தேவையில்லை. குழந்தை குளிரில் நடுங்கினாலும் அவர் பின்னால் போகாதீர்கள்.

'வேண்டிய மட்டும்' வகைக் கடைகளில் பெரும்பாலும் மேசையில் இருக்கும் எல்லோரும் ஒரே திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். காய்கறி மட்டும் சாப்பிடும் மாமியாருக்கும் முழு இறைச்சி விலை. இதற்கு ஒரு விலக்கு உண்டு, உங்களுக்கு அதுதான் வழி: ஆளுக்கொரு சின்னச் சட்டி வைக்கும் கடைகள். 'ஹிதோரி நாபே' என்று கேளுங்கள். நீள மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனி விலை. பிள்ளைகளின் கோழிக் கொழுப்பு மாமியாரின் சாற்றில் மிதக்காது, அலசிய சாப்ஸ்டிக்கும் மாறாது. நடுவில் தடுப்பு வைத்த இரட்டைச் சட்டியைக் காட்டி "இதுவும் அதேதான்" என்பார்கள். அதேதான் இல்லை, கொதி ஏறும்போது சாறு தடுப்பைத் தாண்டித் தெறிக்கும். தனிச் சட்டி உண்டா, கோழி உண்டா என்று இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சுகியாகி பக்கம் இந்தப் பயணத்தில் போகவே வேண்டாம். அது மாட்டிறைச்சியும் பச்சை முட்டையும்தான்.

சாப்பாட்டின் முடிவில் மிச்சச் சாற்றில் உடோன் என்ற கோதுமை நூடுல்ஸோ சோறோ போட்டுக் கொதிக்கவிடுவது அங்கே வழக்கம். சோற்றோடு சேர்க்க முட்டையும் கொண்டுவருவார்கள். மாமியாருக்கு "தமாகோ நாஷி", அதாவது முட்டை வேண்டாம் என்று, கிண்ணம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.