குறைந்தபட்ச ஊதியம் சட்டத்தில் இருக்கிறது. தொழிலாளியின் கைக்கு ஏன் வருவதில்லை?

சட்டம் இருந்தும் குறைவான கூலி வாங்குபவர்கள் ஏன் புகார் செய்வதில்லை, இதை எப்படித்தான் அமல்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவரே முன்வந்து புகார் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஏற்பாடு அடிமட்டத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பதே என் கருத்து.

துப்புரவு, காவல், கட்டுமானப் பணிகளில் இருப்பவர்களுக்குச் சம்பளப் பாக்கி கேட்டு மனு எழுதிக் கொடுக்கும் வேலையை நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சட்டம் சொல்லும் தொகையைவிடக் குறைவான தொகை சம்பளப் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது அபூர்வம். ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலை எட்டு மணி நேரமாகப் பதிவாகும். சீருடைக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்தம் போகும். வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் ஏறிய மறுநாளே அதில் ஒரு பகுதியை மேற்பார்வையாளரிடம் ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டியிருக்கும். இவற்றை எதிர்த்துக் கேட்பவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. பாக்கி கிடைக்குமா என்பது நிச்சயமில்லை, வேலை போவது மட்டும் நிச்சயம் என்ற நிலையில் அவர் பேசாமல் இருப்பதை அறியாமை என்று சொல்வது அநியாயம்.

இந்தச் சிக்கல் புதியதும் அல்ல. பிரிட்டனில் 1909ஆம் ஆண்டின் ஊதிய வாரியச் சட்டத்தின்படி, கிராட்லி ஹீத் என்ற ஊரில் சங்கிலி செய்த பெண்களுக்கு 1910இல் மணிக்கு இரண்டரை பென்ஸ் கூலி நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் தொழிலாளி எழுத்துமூலம் சம்மதித்தால் ஆறு மாதங்கள் வரை பழைய கூலியையே கொடுக்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் விட்டிருந்தது. படிக்கத் தெரியாத பெண்கள் பலரிடம், அது என்னவென்று சொல்லாமலேயே, முதலாளிகள் சம்மதப் படிவத்தில் ஒப்பம் வாங்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர் மேரி மக்கார்தரின் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஏறத்தாழ பத்து வாரங்கள் போராடி, பொதுமக்கள் கொடுத்த நன்கொடையால் பசியைத் தாங்கி, சட்டம் ஏற்கெனவே தங்களுக்குக் கொடுத்திருந்த கூலியைப் பெற்றார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, நிதி திரண்டது. இரவில் தனியாக ஓர் அலுவலகத்தைப் பெருக்கும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை என்பதால், அந்தப் பாரத்தைச் சட்டம்தான் சுமக்க வேண்டும்.

சட்டம் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, நிரூபிக்கும் பொறுப்பை வேலை கொடுப்பவர் மீது வைப்பது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி, ஊதியம் குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டே வழக்கு தொடங்குகிறது; முழுமையாகக் கொடுத்ததை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். முதலாளி வேலை நேரத்தைச் சரியாகப் பதியாமல் விட்டால் அந்தக் குறையைக் காட்டித் தொழிலாளியின் வழக்கைத் தள்ளிவிட முடியாது என்றும், வேலை நேரத்தை நியாயமாக ஊகிக்கப் போதுமான சான்றைத் தொழிலாளி காட்டினால் போதும் என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே என்னிடம் வருபவர்களிடம் வேலைக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன். கோணல்மாணலான கையெழுத்தில் இருந்தாலும் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

அடுத்தது ஆய்வு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டு 81ஆம் எண் உடன்படிக்கை, ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிப் பணியிடத்துக்குள் நுழையலாம் என்கிறது. புகார் வந்ததால்தான் ஆய்வுக்கு வந்தேன் என்பதை அவர் முதலாளியிடம் சொல்லக் கூடாது என்றும் விதிக்கிறது. இந்த இரண்டாவது விதியை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் புகார் கொடுத்தவர் யார் என்று தெரியாமல் இருப்பதுதான் அவரது வேலையைக் காப்பாற்றுகிறது. ஆனால் புகார் வந்த இடங்களை மட்டுமே ஆய்வு செய்தால் இந்தப் பாதுகாப்பு அர்த்தமிழந்துவிடும். புகாரே வராத இடங்களுக்கும் ஆய்வாளர்கள் போனால்தான், ஒரு புகாரின் பேரில் நடக்கும் ஆய்வும் வழக்கமான ஆய்வு போலத் தோன்றும்.

தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடிபட்டால் பாக்கியை மட்டும் கொடுத்தால் போதும் என்றால், குறைத்துக் கொடுப்பது முதலாளிக்கு வட்டியில்லாக் கடன்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது ஒப்பந்தச் சங்கிலியின் மேல்முனையைப் பிடிப்பது. வேலையை வாங்கிக்கொள்ளும் பெரிய நிறுவனம் ஒப்பந்ததாரரைக் காட்டும், அவர் உள்ஒப்பந்ததாரரைக் காட்டுவார், கடைசி ஆள் காணாமல் போயிருப்பார். ஜெர்மனியில் 2015இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியத்தை, தான் எடுத்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கும் நிறுவனமும் உத்தரவாதம் செய்தாக வேண்டும். கீழே இருப்பவர் கொடுக்கவில்லை என்றால் தொழிலாளி மேலே இருப்பவரிடம் கேட்கலாம். கண்டிப்பு காட்டினால் சிறு ஒப்பந்ததாரர்கள் அழிந்துவிடுவார்கள் என்று வாதிடுபவர்கள், முறையாகச் சம்பளம் கொடுக்கும் சிறு ஒப்பந்ததாரர்களை நினைத்துப் பார்ப்பதில்லை. குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்ற முறையில், அவர்கள்தான் முதலில் தோற்று வெளியேறுகிறார்கள். தேவையான ஆட்களின் எண்ணிக்கையைக் குறைந்தபட்ச ஊதியத்தால் பெருக்கிப் பார்த்தாலே கட்டுப்படியாகாது என்று தெரியும் தொகைக்கு ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், அந்த ஒப்பந்தத்தையே அதன் பொறுப்புக்குச் சான்றாக ஏற்க வேண்டும்.