காதுவலி போயும் பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லையே?

கேள்வி: என் நாலு வயது மகனுக்குச் சளி பிடித்து, காதுவலி, காய்ச்சல் எல்லாம் வந்து மருந்தில் சரியாகிவிட்டது. மூன்று வாரமாகியும் கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். காது ஜவ்வுக்குப் பின்னால் நீர் இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். ஜவ்வு கெட்டுவிட்டதா? எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம். நீர் தேங்கியிருப்பது ஜவ்வுக்கு உள்பக்கம். நீங்கள் ஊற்றுவது வெளியிலேயே நிற்கும், தப்பித்தவறி ஜவ்வில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கி இன்னும் கெடுத்துவிடும்.

ஜவ்வைப் பார்த்துத்தானே டாக்டர் நீர் என்கிறார், அது கெட்டுப்போயிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். சுமார் 0.1 மி.மீ. தடிமனே உள்ள அந்த ஜவ்வு, சத்தம் பட்டதும் அதிர்ந்து, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் வழியாக அந்த அதிர்வை உள்காதுக்குத் தள்ளிவிடுகிறது. தாராளமாக அதிர வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் காற்று இருக்க வேண்டும். உள்பக்கத்துக்குக் காற்று வருவது மூக்கின் பின்புறத்திலிருந்து போகும் யூஸ்டேஷியன் குழாய் வழியாக. சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டை, சரிவும் குறைவு, சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே அழுத்தம் குறைந்து ஜவ்வு உள்வாங்கும், நீர் ஊறும். வலி போன பிறகும் இந்த நீர் பல வாரம் தங்கலாம். வெறும் குடத்தையும் தண்ணீர் நிறைந்த குடத்தையும் தட்டிப் பாருங்கள், நிறைந்த குடம் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதே மாதிரி, பின்னால் நீர் நிற்பதால் உங்கள் மகனின் ஜவ்வும் தாராளமாக அதிர முடிவதில்லை. மெதுவாகப் பேசினால் அவனுக்கு எட்டாது, தயவுசெய்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அவனைத் திட்டாதீர்கள். பக்கத்தில் போய், முகம் பார்த்துப் பேசுங்கள். பள்ளியில் முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் சொன்னது சரிதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் நீர் தானாகவே வடிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் டிம்பனோமெட்ரி என்ற சோதனையும் கேட்கும் திறன் சோதனையும் செய்வார்கள். முதலாவதில் காது வாயில் சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஜவ்வு எவ்வளவு அசைகிறது என்று அளப்பார்கள், நீர் இருந்தால் வரைகோடு மேடே இல்லாமல் தட்டையாக வரும், வலிக்காது. கேட்பது நன்றாகவே குறைந்திருந்தால் ஜவ்வில் கிராமெட் என்ற குட்டிக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் காதில் சீழ் வடிந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தாலோ 3 மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.