மூன்றாவது விளக்கு வேண்டாம்

கேள்வி: குன்னூரில் வசிக்கிறோம். வீட்டில் மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், நான்கைந்து காளான் பவளம், கொஞ்சம் ஜோவா (பூப்போல விரியும் சிறு பவளம்) இருக்கின்றன. தொட்டியை அமைத்துத் தந்தவர் 165 வாட் எல்.இ.டி. இரண்டு மாட்டினார். காலை 6 மணிக்குப் போட்டால் இரவு 10 மணிக்குத்தான் அணைப்போம். இப்போது காளான்கள் வெளிறிச் சுருங்குகின்றன. கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி. ‘மலையில் மூடுபனி, வெளிச்சம் போதாது, இன்னொரு விளக்கு போடுங்கள்’ என்கிறார் அவர். போடலாமா? தொட்டி தெற்கு ஜன்னல் ஓரம் இருக்கிறது. அதனால் ஏதும் பாதிப்பு உண்டா?

பதில்: போடாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். உங்கள் தொட்டியில் வெளிச்சம் குறைவாக இல்லை, மிக அதிகமாக இருக்கிறது. வெளியில் மூடுபனி இருந்தால் என்ன, வெயில் அடித்தால் என்ன, உங்கள் பவளம் நம்பியிருப்பது விளக்கின் வெளிச்சத்தைத்தானே?

வெளிச்சம் போதாத பவளம் வெளிறாது, பழுப்பாகும். அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளியை வைத்து அதற்குச் சாப்பாடு தயாரித்துத் தருகிறது. ஒளி குறைந்தால் பவளம் அந்தப் பாசியைப் பெருக்கிக்கொள்ளும், அதனால் நிறம் கறுக்கும். ஜோவாவின் காம்பு விளக்கைத் தேடி நீளும். காளான் தட்டையாக, அகலமாக விரியும். ஒளி மிஞ்சினால் எல்லாமே தலைகீழ். பாசி அளவுக்கு மேல் வேலை செய்து நச்சான ஆக்சிஜன் பொருள்களை உண்டாக்குகிறது, பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. அதுதான் வெளிறல். பொரிகிற அப்பளம்போல ஓரம் மேலே மடங்கி, நடு வாய் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிற காளானைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். விட்டுவிட்டால் பாறையிலிருந்து கழன்று நிழலான மூலைக்குப் போய்விடும்.

பவளத்துக்குப் பயன்படுகிற ஒளியை ‘பார்’ என்ற அளவால் சொல்வார்கள். காளானுக்கும் ஜோவாவுக்கும் 50 முதல் 100 வரை போதும். கிளை கிளையாக வளரும் கல்பவளங்களுக்குத்தான் 200, 300 எல்லாம் தேவை. உங்கள் தொட்டியின் மேல் தொங்கும் இரண்டு விளக்குப் பெட்டியும் முழு வேகத்தில் எரிந்தால் தண்ணீரின் மேல்பகுதியில் அதைவிட அதிகமாகவே இருக்கும். அப்படியானால் காளான் வளர்ப்பவருக்கு ஏன் இந்த விளக்கு?

நான் பல வருடமாகப் பார்த்துவரும் தந்திரம் இது. பெரிய விளக்கை முதலில் விற்பார்கள். அது உங்கள் காளானுக்காக விற்கப்பட்டதல்ல. மூன்று மாதம் கழித்து, ‘இவ்வளவு நல்ல விளக்கு இருக்கிறது, இரண்டு கல்பவளம் வைத்தால் தொட்டி ஜொலிக்கும்’ என்று வருவார்களே, அந்தப் பேரத்துக்காக விற்கப்பட்டது. பாறைகட்டும் கல்பவளங்கள் அத்தனையும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 முதல் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை, அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாது. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவந்து ‘லைவ் ராக்’ (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் உயிர்ப்பாறை) என்று விற்கும் பாறையும் பவளத்தின் எலும்புக்கூடுதான், அதையும் தொடக் கூடாது. பீங்கானிலோ சிமென்டிலோ செய்த பாறை கிடைக்கிறது, சில மாதங்களில் அதிலும் நல்ல பாக்டீரியா குடியேறிவிடும். அட்டவணையைப் படித்து, பாலிதீன் பையில் ஆடும் பிராணி அதில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சாதாரணக் குடும்பத்தால் முடியுமா? அந்தச் சுமையை வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டு, விற்பவரை யாரும் கேள்வி கேட்காமல் விடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. எந்தப் பவளமானாலும் இனத்தின் பெயர் எழுதிய ரசீதும், வந்த வழிக்கான தாளும் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? இருக்கும் விளக்கையே வைத்துக்கொள்ளலாம். இந்த வகைப் பெட்டியின் பக்கவாட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு குமிழ் இருக்கும், ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. பெரும்பாலும் இரண்டுக்கும் தனித்தனி வயரும் இருக்கும். நீலத்தை 30 சதவீதத்துக்கும் வெள்ளையைப் 10 சதவீதத்துக்கும் இறக்குங்கள். பெட்டியைத் தண்ணீருக்கு ஓர் அடி மேலே தூக்கிக் கட்டுங்கள். நீலம் பகல் 12 முதல் இரவு 9 வரை, வெள்ளை 2 முதல் 6 வரை எரியட்டும். காலை நேரத்தில் எரிய வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரத்தில் தொட்டி பளிச்சென்று இருந்தால் போதும். இரவு 9க்குப் பிறகு முழு இருட்டு வேண்டும், மீனுக்கும் தூக்கம் தேவை. மூன்று வாரம் எதையும் மாற்றாதீர்கள். காளான் விரிந்து நிறம் திரும்பிய பிறகு, விருப்பம் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் ஏற்றலாம்.

விளக்கை நேரத்துக்குப் போட்டு அணைக்கத் திருகும் டைமர் வாங்காதீர்கள். கரன்ட் போனால் அது நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் அறுந்து ஆறு மணி நேரம் கரன்ட் போன வீட்டில், அப்புறம் விளக்கு நள்ளிரவைத் தாண்டியும் எரியும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் இரண்டு வாங்குங்கள், நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று.

கைப்பேசியில் லக்ஸ் ஆப் போட்டு அளக்கும் பழக்கமும் வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சை வெளிச்சத்துக்குத்தான் அதில் அதிக மதிப்பு. நீல விளக்கை அது மிகக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து விளக்கை ஏற்றிப் பவளத்தைச் சுட்டவர்கள் நிறையப் பேர். பார் மீட்டர் விலை அதிகம், ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பெட்டியின் மேல் வாட்டைப் பெரிதாகப் போடுகிறவர்கள், எத்தனை அங்குல ஆழத்தில் எவ்வளவு பார் என்று ஒரு வரி அச்சிட்டால் இந்தக் குழப்பமே வராது. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

ஜன்னல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொதுவாகத் தொட்டியில் நேர் வெயில் படக் கூடாது. ஆனால் தெற்கு ஜன்னலில் அது வருடம் முழுக்கப் படாது, அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். குன்னூர் இருக்கும் இடத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னலுக்குள் நடுப்பகல் வெயில் வராது. அப்புறம் மெல்லத் தெற்கே இறங்கி, டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கதிர் சாய்வாக அறைக்குள் நீளும். அக்டோபர், நவம்பரில் மேகம் மறைத்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்குமே, அப்போதுதான் ஆபத்து. மே மாதத்தில் அமைத்த தொட்டிக்கு ஜனவரியில் திடீரென்று பாசி பிடித்தால் விளக்கைத் திட்டாதீர்கள், தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காலை 9 மணிக்கும், பகல் 12க்கும், 3க்கும் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். கோடு தொட்டியைத் தொட்டால், அந்த இரண்டு மாதத்துக்குத் தடித்த திரை போட்டால் போதும், தொட்டியை நகர்த்த வேண்டாம். கிழக்கு ஜன்னல் என்றால் கதை வேறு. வருடம் பூராவும் காலை வெயில் வரும், அங்கே தொட்டி வைக்கவே கூடாது. வடக்கு ஜன்னலில் சூரியன் வடக்கே சாயும் மாதங்களில் வெயில் எட்டிப்பார்க்கலாம், அப்போது கோடு போட்டுப் பாருங்கள்; மற்ற நாளில் வெறும் வெளிச்சம்தான், கெடுதல் இல்லை.

கண்ணாடியில் படியும் பாசிக்கு ஒளி மட்டும் காரணமில்லை. ஊற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதே என்று அதில் உப்பு கலக்கிறீர்களா? தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வரும் ஊற்றில் உரம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, கரைந்த உப்புகளின் அயனியும் நீக்கிய தண்ணீர்தான், வேறு வழியில்லை.

இன்னொரு புரளியையும் சொல்லிவிடுகிறேன். ‘மலை குளிருக்குப் பழைய மெட்டல் ஹாலைடு விளக்குதான் நல்லது, தொட்டியைச் சூடாக வைக்கும்’ என்பார்கள். அது சூடாக்குவது பகலில், குளிர்வது இரவில். தண்ணீர் தினமும் ஏறி இறங்கினால் பவளம் தாங்காது. 25, 26 டிகிரியில் நிறுத்த ஹீட்டர் இருக்கிறது. கரன்ட் பில்லுக்குப் பயந்தால் விளக்கின் நேரத்தைக் குறையுங்கள். இரண்டு பெட்டியும் சேர்ந்து 200 வாட் இழுத்தாலே 16 மணி நேரத்துக்கு 3.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 192. மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட் முழுவதும் இதிலேயே போய்விடும்.

கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கை மாட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் இருட்டை உங்கள் பவளங்கள் தாங்கும். மீன் ஆக்சிஜன் இல்லாமல் தாங்காது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. இரவில் பவளமும் பாசியும்கூட அதைத்தான் சுவாசிக்கின்றன. ஆகவே முதலில் பம்ப், அடுத்து ஹீட்டர், விளக்கு கடைசி.

மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்புங்கள். நீலத்தை அணைத்துவிட்டு வெள்ளையில் மட்டும் எடுங்கள். நீல வெளிச்சத்தில் எடுத்தால் வெளிறிய காளான்கூட மின்னும், என்னால் எதுவும் சொல்ல முடியாது.