இதயம் நிரம்ப எத்தனை ரூபாய்?

இந்த வாரக் கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வாழ்க்கையை அப்படியே ஆடிப் பார்க்கும் கேம்கள், அவற்றில் வரும் காதல், அதற்குப் போகும் காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கூடவே பள்ளி விடுமுறை. வீட்டுக்கு வீடு போனும் லேப்டாப்பும் சூடாகத்தான் இருக்கின்றன. ஃபிரிட்ஜ் வாரண்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்குத் தங்கச்சிமடம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. லேப்டாப்பில் சிம்ஸ் 4 ஆடுகிறேன். காதல், டேட்டிங் எல்லாம் நன்றாக வர வேண்டுமென்றால் லவ்ஸ்ட்ரக் என்ற கூடுதல் பேக் வாங்கியே ஆகணும் என்று தோழிகள் சொல்கிறார்கள். படகு கரையில் கிடக்கும்போது அப்பாவிடம் கேட்க மனசில்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: நீ உழைத்துச் சேர்த்த காசு, அதனால் வாங்காதே என்று ஒரே சொல்லில் முடிக்க மாட்டேன். முதலில் உன் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்.

சிம்ஸ் 4 வந்தது 2014இல். அப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம். அந்த இலவச கேமிலேயே காதல் தொடக்கம் முதல் முடிவு வரை இருக்கிறது. இரண்டு பேருக்கு நடுவே பச்சைப் பட்டை நட்பைக் காட்டும், இளஞ்சிவப்புப் பட்டை காதலைக் காட்டும். பேசிச் சிரிக்க வைத்துப் பச்சையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் காதல் பேச்சைத் தொடங்கினால் பெரும்பாலும் கைகூடும். எதிரில் இருப்பவர் கோபத்திலோ கூச்சத்திலோ இருக்கும்போது போய்க் கொஞ்சினால் ஏறின பட்டை இறங்கும். டேட்டுக்கு அழைத்துப் போகலாம். அங்கே செய்து முடிக்கச் சின்னச் சின்ன வேலைகள் வரும், எவ்வளவு முடித்தோமோ அதற்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் கிடைக்கும். முத்தம், மோதிரம், கல்யாணம், குழந்தை, பிரிவு எதற்கும் தனிக் காசு கிடையாது. துணையின் கண்ணெதிரே இன்னொருவரிடம் கொஞ்சினால் பொறாமையும் வரும். எது எல்லை மீறல், எது இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் குறித்துவைக்கும் வசதிகூட 2024 ஜூலையில் அடிப்படை கேமுக்கே இலவசமாக வந்துவிட்டது. தோழிகள் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

லவ்ஸ்ட்ரக் வந்ததும் அதே மாதம்தான். கேமுக்குள் இருக்கும் போனில் ஜோடி தேடித் தரும் க்யூபிட்ஸ் கார்னர் என்ற ஆப், ஒவ்வொருவருக்கும் ஈர்ப்பு தருவது எது தராதது எது என்ற பட்டியல், உறவில் மனநிறைவு இருக்கிறதா என்ற கணக்கு, ஒரு புது ஊர் என்று சில சேர்ந்து வரும். இதில் ஆட்டத்தை நிஜமாகவே மாற்றுவது அந்த ஈர்ப்புப் பட்டியல்தான். அடிப்படை கேமில் யாரை யாரோடு பேச வைத்தாலும் ஒரு நாள் பொழுதுக்குள் காதல் பட்டை பாதிக்கு மேல் ஏறிவிடும். மறுக்கிற மனுஷரே அபூர்வம். பேக் சேர்ந்தால், உன் ஆளுக்கு உடையோ முடி நிறமோ பொழுதுபோக்கோ பிடிக்காமல் போகலாம். அப்போது கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

அதனால் இப்படிச் செய். ஒரே ஒரு ஜோடியை எடுத்து, இலவச கேமிலேயே அறிமுகத்திலிருந்து முதுமை வரை ஓட்டிப் பார். பாதி வழியிலேயே "எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே" என்று சலித்தால் அந்த பேக் உனக்கானது, வாங்கு. வீடு கட்டுவதிலும் துணி மாற்றுவதிலும்தான் உன் நேரம் போகிறது என்றால் அந்தக் காசை வைத்துக்கொள். வாங்குவதானாலும் முழு விலை வேண்டாம், வருஷத்தில் பல முறை இவற்றுக்குத் தள்ளுபடி வரும். மூன்று நான்கு பேக்கைச் சேர்த்து "பாதி விலை" என்று காட்டும் கட்டுகளை நம்பாதே. வேண்டாத இரண்டுக்குக் கொடுக்கும் பாதி விலையும் வீண் செலவுதான்.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடை வழியாக வாங்கினால் ஒரு பாதுகாப்பு உண்டு. பேக் வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு கேமை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எனவே வாங்கின அன்றே விடிய விடிய உட்காராதே. ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டு யோசி.

உன் கேள்விக்கு வெளியே போய் ஒன்று சொல்கிறேன். காதல்தான் வேண்டும், காசு குறைவாக வேண்டும் என்றால் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமைப் பார். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் படம் வரைந்து, இசை அமைத்து, எழுதி 2016இல் வெளியிட்டது. ஒரு முறை வாங்கினால் போதும். போனிலும் உண்டு, உள்ளே விற்பனை கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். சிம்ஸ் 4 அடிப்படை கேம் மட்டுமே 20 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், நாளுக்கு 2 ஜிபி டேட்டாவில் பத்து நாள் இழுக்கும். கணினியில் ஸ்டார்டியூ வேலிக்கு அரை ஜிபி போதும். தமிழ் மட்டும் இரண்டிலும் கிடையாது, ஆங்கிலத்தில்தான் படித்து ஆட வேண்டும்.

அதில் மணக்கக் கூடியவர்கள் 12 பேர், ஆறு ஆண், ஆறு பெண். எலியட் என்ற எழுத்தாளர் கடற்கரைக் குடிசையில் தனியாக இருக்கிறார். அவருக்கு உயிர் எதில் தெரியுமா? நண்டு கேக், சிங்கி இறால், கணவாய் மை! நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒருவரோடு எவ்வளவு நெருக்கம் என்பதை இதயங்கள் காட்டும், ஒரு இதயம் 250 புள்ளி. மிகப் பிடித்த பரிசுக்கு 80, ஒரு நாள் பேசினால் 20, பரிசு வாரத்துக்கு இரண்டு மட்டும். தினமும் பேசி, வாரம் இரண்டு பரிசும் கொடுத்தால் 300 புள்ளி. எட்டு இதயத்துக்கு 2000 வேண்டும், ஆக ஏழு வாரம். கேமில் ஒரு நாள் நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிஷம், எனவே பதினோரு மணி நேரம் போலப் போகும். பிறந்தநாளில் கொடுக்கும் பரிசுக்கு எட்டு மடங்கு, அதைத் தவறவிடாதே. எட்டில் பூங்கொத்து கொடுத்தால்தான் பத்து வரை போக வழி திறக்கும். இத்தனைக்கும் நிஜக் காசு ஒரு பைசாகூட ஆகாது.

அப்புறம் கல்யாணம் கேட்கக் கொடுக்க வேண்டிய கடல்கன்னிப் பதக்கம். 5000 பொன், மழை நாளில் மட்டும் கடற்கரையில் நிற்கும் ஒரு வயதான மாலுமியிடம் கிடைக்கும். அதற்கு முன் வீட்டை ஒரு முறை பெரிதாக்கி, உடைந்த பாலத்தை 300 மரக்கட்டை போட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். போன தடைக்காலத்தில் பாம்பனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் திண்ணையில் உட்கார்ந்து, கேமுக்குள் இருக்கும் டிவியில் தினமும் வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக வெயில் என்றே சொன்னது. ஐந்தாம் நாள் மழை என்று வந்ததும் "சித்தி, நாளைக்கு மழை!" என்று கத்தினாள். அடுப்படியில் இருந்த அவள் பாட்டி பதறிப்போய் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். புயல் கூண்டு ஏற்றினால் கடல் பக்கம் போகாத வீட்டில், மழைக்காகக் கடற்கரைக்கு ஓடக் காத்திருந்த பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். காசு கொடுத்து அந்த நான்கு நாளைத் தாண்டிவிட அதில் வழியே கிடையாது. அதனால்தான் அந்தப் பதக்கம் கைக்கு வந்தபோது அவள் முகம் அப்படி இருந்தது.

கேள்வி: லாத்தா, எனக்குக் கீழக்கரை. மகளுக்கு 15 வயது. போனில் காதல் கதை கேம் ஒன்று ஆடுகிறாள். நாயகனோடு வெளியே போகவும் அவன் மனதில் இருப்பதைக் கேட்கவும் வைரம் வேண்டுமாம். ஒரு மாதத்தில் 89 ரூபாயாகப் பதினொரு முறையும், 449 ரூபாயாக இரண்டு முறையும் போயிருக்கிறது. மொத்தம் 1,877. அவளுடைய வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், இன்னும் சொல்லவில்லை. பணம் திரும்ப வருமா?

பதில்: முதலில் பணம். போனில் பிளே ஸ்டோரைத் திறந்து வாங்கியவற்றின் பட்டியலைப் பாருங்கள். கடைசி 48 மணி நேரத்துக்குள் போனதென்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதற்கு முந்தியதற்கு கேம் தயாரிப்பாளருக்கு எழுத வேண்டும். எழுதும்போது மகளின் வயதைக் குறிப்பிடுங்கள். நம் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. முழுப் பணமும் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனாலும் தேதி, தொகை, ஆர்டர் எண்ணோடு எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை.

இன்றே செய்ய வேண்டியது இன்னொன்று. பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள், அந்தக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும் திறந்து பாருங்கள், மாதாமாதம் தானாகப் போகும்படி ஏதாவது ஏறியிருந்தால் ரத்து செய்யுங்கள்.

அந்த கேம் வேலை செய்யும் விதம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஏலக்கூடத்தில் மீன் விலையை ரூபாயில்தான் கூவுகிறார்கள். "இந்தக் கூடை நாற்பது பாசிமணி, பாசிமணி வாங்க அந்தப் பக்கம் போங்கள்" என்று சொன்னால் யாராவது கை தூக்குவார்களா? வைரம் என்பது அந்தப் பாசிமணிதான். ரூபாயை ஒரு இடத்தில் வைரமாக்கி, வைரத்தை இன்னொரு இடத்தில் செலவழிக்க வைப்பதால், ஒரு மாலை நேரப் பேச்சுக்கு எத்தனை ரூபாய் போனது என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. காசில்லாத பதிலைத் தேர்ந்தெடுத்தால் நாயகன் முகம் வாடுகிறது, மேலே கடிகாரம் ஓடுகிறது. பொய்யான அவசரம் காட்டுவதையும், மறுப்பவரைக் குற்ற உணர்வில் தள்ளுவதையும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏமாற்று உத்திகள் என்றே பெயர் சொல்லித் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் மொத்தம் 13 உத்திகள் இருக்கின்றன. புகாரில் இதையும் எழுதுங்கள், திரைப் படம் எடுத்து இணையுங்கள்.

மகளை அடிக்காதீர்கள், போனையும் பிடுங்காதீர்கள். அவளுக்குக் கதையின் அடுத்த பக்கம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த 1,877ஐ ஒரு தாளில் அவளையே கூட்டச் சொல்லுங்கள். வாப்பாவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், வங்கிக் குறுஞ்செய்தி முந்திக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ராமநாதபுரத்தில் ஒரு கடையில் சிம்ஸ் 4, எல்லா பேக்கும் சேர்த்து, பென் டிரைவில் 200 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள். வாங்கலாமா? — ஒரு தம்பி, தேவிபட்டினம்

பதில்: வேண்டாம் தம்பி. அது திருட்டுப் பிரதி, பில்லும் கிடைக்காது. லேப்டாப்பில் வேறு என்ன குடியேறும் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. அடிப்படை கேம் இலவசமாகக் கிடைக்கும்போது 200 ரூபாய் எதற்கு?

நானும் ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் பாதி விலைக்கு ஒரு கேமின் சாவி எண் வாங்கினேன். இரண்டு மாதம் ஓடியது, மூன்றாம் மாதம் என் கணக்கிலிருந்தே கேம் காணாமல் போனது. விற்றவருக்கு ஆறு மெயில் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அதில் எண்பது மணி நேரம் வளர்த்த குடும்பம் ஒன்று இருந்தது.

கேள்வி: துபாயில் இருக்கும் மச்சான் கேம் வாங்க கிஃப்ட் கார்டு அனுப்புவதாகச் சொல்கிறார். இங்கே செல்லுமா? — தொண்டி வாசகர்

பதில்: கூகுள் பிளே, ஆப்பிள் கார்டுகள் எந்த நாட்டில் வாங்கப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் செல்லும். அங்கே வாங்கியது இங்கே ஏறாது, கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார். அதற்காகக் கணக்கின் நாட்டை மாற்றாதீர்கள், ஏற்கெனவே வாங்கியவற்றில் சிக்கல் வரும். மச்சான் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது அந்தத் தொகையையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் இங்கே ரூபாயில் வாங்கிக்கொள்ளலாம்.