மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பா, அலுமினியப் பெயிண்டா?

கேள்வி: எங்களுடையது கான்கிரீட் தளம், மேலே தட்டோடு பதித்தது. சித்திரை, வைகாசியில் மத்தியானத்தைவிட இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்குள் அனல் இறங்குகிறது. சுண்ணாம்பு அடிப்பதா, பளபளப்பான அலுமினியப் பெயிண்ட் அடிப்பதா?
– வாசகி, விளாங்குடி, மதுரை

பதில்: சுண்ணாம்பே அடியுங்கள்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் விழுகிறது. ஓர் அயர்ன் பாக்ஸ் இழுக்கிற மின்சாரம் அது. கறுப்புப் பெயிண்ட் அதில் 95 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். புதுச் சுண்ணாம்பு சுமார் 20 சதவீதம்தான் வாங்கும். சிவந்த தட்டோடு பாதிக்கு மேல் வாங்கிவிடுகிறது. அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி அடிப்பக்கம் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் இரவில் அனல்.

அலுமினியப் பெயிண்டும் வெயிலைத் திருப்பி அனுப்பும், உண்மை. ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டைக்கூட அது லேசில் வெளியே விடாது. சூடான பொருள் எதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகச் சூட்டை உமிழ்ந்துகொண்டே இருக்கும். இதில் சுண்ணாம்பு, தட்டோடு, கறுப்புப் பெயிண்ட் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான், நிறம் பெரிதாகக் குறுக்கே வராது. உலோகப் பளபளப்புதான் உமிழ்வைத் தடுக்கிறது. வெயிலில் கிடந்த எவர்சில்வர் தட்டையும் வெள்ளைப் பீங்கான் தட்டையும் தொட்டுப் பாருங்கள். எவர்சில்வர் கையைச் சுட்டுவிடும். உலோகம் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்துவது ஒரு பாதி காரணம், சூட்டை உமிழாமல் வைத்துக்கொள்வது மறுபாதி.

10 கிலோ கல் சுண்ணாம்புக்கு 50 லிட்டர் தண்ணீர், 200 கிராம் வேலம்பிசின். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றுங்கள். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். ஒரு நாள் ஊறியதும் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த பிசினைச் சேருங்கள். சுவருக்குப் போடுவதுபோல் நீலம் கலக்க வேண்டாம்.

பாசியைத் தேய்த்துக் கழுவி, தளத்தை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு மூன்று பூச்சு அடியுங்கள். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தில் சுண்ணாம்பு நீர்த்த மோர்போல்தான் தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: வெள்ளை பற்றவில்லையே என்று கெட்டியாகக் கரைத்து அடிக்க, அது செதில் செதிலாக உரிந்துவிடுகிறது. கொளுத்தும் வெயிலில் அடித்தால் பிடிக்காமல் மாவாக உதிரும். ஐப்பசி மழையில் எப்படியும் கரையும், ஆகவே வருடா வருடம் மாசியில் அடிக்க வேண்டும். நடுவில் புழுதி படிந்தால் கழுவிவிடுங்கள், அழுக்கு வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

கேள்வி: மாடியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் பகலில் தண்ணீர் கொதிக்கிறது. வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது, சீக்கிரம் உரியும். தொட்டிக்கு மேலே, காற்று போக ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள், மேற்குப் பக்கத்தையும் மறையுங்கள். புதிதாக வாங்குவதென்றால் வெளியே வெள்ளை, உள்ளடுக்கு கறுப்பு உள்ளதைப் பாருங்கள். மூடியைத் திறந்து உள்ளே தலையை நீட்டினால் சுவர் வழியே வெளிச்சம் தெரியக்கூடாது. வெளிச்சம் புகுந்தால் தண்ணீரில் பாசி பிடிக்கும்.